ஆற்றுக்கு அடியில் ஒரு பட்டா

மே மாதத்தில் ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்துவிட்டால் போதும், இங்கிலாந்து சூப்பர்மார்க்கெட்டுகளில் காற்றடிக்கும் கயாக்குகள் வந்து இறங்கிவிடும். ஒரு பக்கம் செடித்தொட்டி, இன்னொரு பக்கம் பார்பெக்யூ கரி மூட்டை, நடுவில் கயாக். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஏதோ ஒரு நீல ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஏரியில் இறங்க யாரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது.

"மாமா, ஒண்ணு வாங்கிட்டேன். வீட்டுக்குப் பின்னாடியே ஆறு ஓடுது. சனிக்கிழமை இறக்கிடலாம்ல?" என்று போனில் கேட்டான் என் மைத்துனர் மகன். வேலை கிடைத்து ஹாம்ப்ஷயர் பக்கம் குடிபோனவன். எந்த ஆறு என்றேன். டெஸ்ட் என்றான்.

டெஸ்ட், சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறி வரும் ஆறு. அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும், அதற்கு மேல் அசையாமல் நிற்கும் டிரௌட் மீனும் தெரியும். பூச்சி மாதிரிச் செய்த தூண்டிலை வீசி அந்த மீனைப் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறார்கள். நல்ல இடமென்றால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு. அங்கே மீனுக்குத்தான் முதல் மரியாதை. "அதுல மட்டும் இறக்காதடா" என்று ஆரம்பித்த பேச்சு வெகுநேரம் ஓடியது. ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருவதால், அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் கோர்வையாக இங்கே எழுதிவைக்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓடுகிற தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அது ஓடுகிற தரை, அதாவது ஆற்றுப்படுகை, பொதுவாகக் கரையோர நிலக்காரருக்குச் சொந்தம். இக்கரைக்காரருக்கு நடு ஆறு வரை, அக்கரைக்காரருக்கு மீதிப் பாதி. நீங்கள் மிதந்து போகிறீர்கள், அடியைத் தொடவே இல்லை, துடுப்புக்கூடத் தட்டவில்லை. இருந்தாலும் அங்கே போக உங்களுக்கு உரிமை இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவர் நிலத்துக்குள் புகுந்த ஆள்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது மண்டையில் ஏறுவது கஷ்டம். நமக்கு ஆறு என்றால் புறம்போக்கு. கரையில் யார் வயல் இருந்தாலும் ஆறு சர்க்காருடையது. வேடிக்கை என்னவென்றால், அதை அப்படி எழுதிவைத்ததும் இதே வெள்ளைக்காரன்தான். சென்னை மாகாணத்துக்காக 1905-இல் கொண்டுவந்த நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஜமீன்தார் போன்ற தனியார்களுக்கு உரியவை நீங்கலாக, ஆறு, ஓடை, ஏரி, குளம் அத்தனையின் படுகையும் அரசாங்கச் சொத்து என்கிறது. தன் சொந்த ஊரில் மட்டும் ஆற்றுக்கு அடியில் பட்டா கொடுத்து வைத்திருக்கிறான்.

இனி விதிவிலக்குகள். நமக்கு வேண்டியவை அவைதான். கடல் ஓதம் ஏறி இறங்குகிற தூரம் வரை எந்த ஆற்றிலும் படகில் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. தேம்ஸில் அந்த எல்லை டெடிங்டன் லாக். அதற்குக் கீழே லண்டன் துறைமுக ஆணையத்தின் ராஜ்ஜியம். துடுப்பால் போகிற படகுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் அவர்கள் வகுத்த போக்குவரத்து விதிகளைப் படிக்காமல் இறங்குவது தற்கொலைக்குச் சமம். நகரத்தின் நடுவில் ஆறு, வேகமாகப் போகும் பயணிகள் படகுகளும் குப்பை ஏற்றிய பெரிய தட்டைப் படகுகளும் நெருக்கியடிக்கும் சாலை மாதிரிதான். பாராளுமன்றத்தை ஒட்டிப் போய் செல்ஃபி எடுக்கலாம் என்று நினைத்தால், அங்கே தண்ணீரில் தடைப் பகுதியே உண்டு.

டெடிங்டனுக்கு மேலே கிரிக்லேட் வரை தேம்ஸில் சட்டம் போட்டுக் கொடுத்த பயண உரிமை இருக்கிறது. அது சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பு, அங்கே படகைப் பதிவு செய்தாக வேண்டும். மெட்வே, நீன், கிரேட் ஊஸ் ஆறுகளிலும் இதே கதை. வை ஆற்றில் ஹே என்ற புத்தகக்கடை ஊரிலிருந்து கீழே உரிமை உண்டு. கால்வாய்களில் பெரும்பகுதி கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் கையில். அங்கும் லைசென்ஸ் வேண்டும். இதற்கெல்லாம் தனித்தனியாக அலையாமல் பேடில் யுகே அமைப்பில் உறுப்பினராகிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 2024 வரை பிரிட்டிஷ் கனூயிங் என்றிருந்த அமைப்புதான் இது. ஆண்டுச் சந்தாவிலேயே சுமார் 4,500 கி.மீ. நீர்வழிகளுக்கான லைசென்ஸ் அடக்கம், யார் மேலாவது மோதிவிட்டால் அதற்கான காப்பீடும் அடக்கம். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பேடில்போர்டுக்கும் லைசென்ஸ் தேவை. "அது பலகைதானே" என்று வாதாடிப் பயனில்லை.

4,500 கி.மீ. என்றதும் நிறைய இருக்கிறது போலத் தோன்றும். ஆனால் சண்டை சச்சரவில்லாத பொது உரிமை உள்ளது இங்கிலாந்து ஆறுகளில் ஏறக்குறைய 4 சதவீதத்தில்தான் என்று இதே அமைப்பு பல வருடமாகச் சொல்லிவருகிறது. மீதி 96-இல் கொஞ்சம் தெளிவாகத் தடை, பெரும்பகுதி "யாரும் கேட்காத வரை பரவாயில்லை" என்கிற ரகம்.

இந்த 96 எப்படி வந்தது என்பதில்தான் எனக்குச் சுவாரசியம். யார்க்ஷயரில் டெர்வென்ட் என்று ஓர் ஆறு. ஒரு காலத்தில் அதில் சரக்குப் படகுகள் ஓடின; 1935-இல் அந்தப் பழைய பயண உரிமையை ரத்து செய்துவிட்டார்கள். பிற்பாடு ஒரு டிரஸ்ட் அதை மீட்கக் கிளம்பியது. அவர்கள் கையிலெடுத்தது 1932-ஆம் வருடத்துப் பாதை உரிமைச் சட்டம். நிலத்தின் மேல் ஒரு வழியை மக்கள் 20 வருடம் தடையில்லாமல் பயன்படுத்தினால் அது பொதுவழியாகிவிடும் என்பது அந்தச் சட்டம். நிலம் என்றால் தண்ணீர் மூடிய நிலமும் சேர்த்தி என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ஆற்றில் 20 வருடம் படகு போயிருந்தால் அதுவும் பொதுவழிதானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அப்பீல் நீதிமன்றம்கூட ஒப்புக்கொண்டது. ஆனால் 1991-இல் பிரபுக்கள் சபை அதைக் கவிழ்த்துவிட்டது. படகு போவது தண்ணீரின் மேல். தண்ணீர் மூடிய நிலத்தின் மேல் போவது என்றால் ஆற்றில் இறங்கி நடந்து கடக்கும் துறை போன்றதைத்தான் குறிக்கும் என்று தீர்ப்பு.

இதையும் முதலில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலக்காரர் உங்களை விரட்டும்போது நீங்கள் அவருடைய நிலத்தின் மேல் இருக்கிறீர்கள். அதே இடத்தில் 20 வருடமாக வந்து போகிறேன், எனக்கு உரிமை கொடு என்று நீங்கள் கேட்கும்போது நீங்கள் நிலத்தின் மேல் இல்லவே இல்லை. வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதில் முரண் இல்லையா என்று கேட்டேன். ரெண்டும் வெவ்வேறு கேள்வி என்று பொறுமையாக விளக்கினார். விளக்கம் புரிந்தது, மனசு ஒப்பவில்லை.

மீன்பிடி உரிமை இன்னொரு அடுக்கு. அது நிலத்திலிருந்து தனியாகப் பிரித்து விற்கக்கூடிய சொத்து. நிலம் ஒருவருக்கு, மீன் இன்னொருவருக்கு என்று இருக்கலாம். 1972-இல் வார்ஃப் ஆற்றில் கனூ ஓட்டியவர் மீது வந்த வழக்கில், அப்போது கரையில் ஒருவரும் தூண்டில் போடாவிட்டாலும் மீன்பிடி உரிமைக்கு இடையூறு நேரலாம் என்று லார்ட் டென்னிங்கின் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடைத்தது என்னவோ பெயரளவு நஷ்டஈடுதான். ஆனாலும் தூண்டில் சங்கங்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைக் கையோடு வைத்திருக்கின்றன.

தூண்டில்காரர்களை வில்லனாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. கால்வாய்க் கரையில் ஒருவர் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். கையில் பத்து மீட்டருக்கு மேல் நீளும் கார்பன் கோல், கால்வாயின் மொத்த அகலத்தையும் தாண்டி எதிர்க்கரை நாணலைத் தொட்டுக்கொண்டிருக்கும். நுனியில் தீக்குச்சி தடிமனில் ஒரு மிதவை. நீங்கள் வருவதைப் பார்த்ததும் கோலைப் பின்னால் தள்ளுவார். முதுகுக்குப் பின்னே தரையில் வைத்திருக்கும் உருளைகளின் மேல் அது சத்தமில்லாமல் வழுக்கிப் போகும். கடைசித் துண்டை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கடக்கும் வரை காத்திருப்பார். ஒரு மணி நேரமாக இரை போட்டு மீனைக் கூட்டி வைத்திருப்பார், உங்கள் துடுப்பு அதைக் கலைத்துவிட்டுப் போகும். அவர் தூண்டில் லைசென்ஸுக்கும் காசு கட்டியிருக்கிறார், சங்கத்துக்கும் கட்டியிருக்கிறார். தூரத்திலேயே குரல் கொடுத்து, "எந்தப் பக்கமா போகட்டும்?" என்று கேட்டு, துடுப்பை நிறுத்திவிட்டு மிதந்து கடந்தால் பத்தில் ஒன்பது பேர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பத்தாவது ஆள் முனகுவார், முனகட்டும்.

என் குறை அந்த மனிதர் மேல் இல்லை; "தாமாக முன்வந்து செய்துகொள்ளும் அணுகல் ஒப்பந்தம்" என்கிற ஏற்பாட்டின் மேல். உரிமை கொடுக்க மாட்டோம், வேண்டுமானால் குளிர்காலத்தில் இன்ன மாதங்களில் வந்து போங்கள் என்று நிலக்காரர்களும் சங்கங்களும் கயாக்காரர்களோடு பேசி முடிப்பது இது. சில ஆறுகளில் ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் ஒரே ஆற்றில் டஜன் கணக்கில் நிலக்காரர்கள் இருந்தால் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒருவர் நிலத்தை விற்றுவிட்டால் கதை முதலிலிருந்து. தயவில் கிடைத்ததை எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

வரலாற்றிலேயே எல்லா ஆறுகளும் பொதுவழிதான் என்று வாதாடியவரும் ஒருவர் உண்டு. டக்ளஸ் காஃபின் என்ற பாதிரியார். பழைய ஆவணங்களைத் தோண்டி, படகு போகக்கூடிய ஆறுகள் எல்லாவற்றிலும் பொது உரிமை இடைக்காலம் தொட்டு இருந்தது, அது ஒருபோதும் முறைப்படி நீக்கப்படவில்லை என்று ஆய்வேடு எழுதினார். 1215-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவிலேயே தேம்ஸிலும் மெட்வேயிலும் நாடு முழுக்கவும் மீன் பிடிக்கக் கட்டிய தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தூண்டில் தரப்பு வக்கீல்கள் அவர் வாதத்தை அடியோடு மறுக்கிறார்கள். கயாக்காரர்களில் ஒரு சாரார் காஃபினை நம்பி, யாரையும் கேட்காமல் இறங்குகிறார்கள். கயாக்கிலேயே அத்துமீறித் திரிந்து, அதை 2020-இல் புத்தகமாகவும் எழுதிய நிக் ஹேய்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அத்துமீறலையே போராட்டமாக்கிவிட்டார். 2022-இல் அப்போதைய எம்.பி. கரோலின் லூகாஸ், பொதுமக்கள் நடமாடும் உரிமையை விரிவாக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவில் ஆறுகளும் இருந்தன. அது சட்டமாகவில்லை.

2000-ஆம் வருடச் சட்டம் மலை, புல்வெளி, புதர்க்காடுகளில் நடக்கிற உரிமையைக் கொடுத்ததே, அது போதாதா என்று கேட்கலாம். அதன் இணைப்பில், ஓதம் வராத நீரில் படகு விடுவதும் குளிப்பதும் இந்த உரிமையில் சேராது என்று தெளிவாகப் போட்டுவிட்டார்கள். அதாவது மலை மேல் இருக்கும் ஏரியைச் சுற்றி நாள் முழுக்க நடக்கலாம். கால் கடுக்கிறதே என்று இறங்கி ஒரு முங்கு போட்டால் அதோடு உங்கள் உரிமை போச்சு.

எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்து போனால் வேறு உலகம். 1976-இல் ஸ்பே ஆற்றில் ஒரு கனூ பள்ளிக்கும் சால்மன் மீன்பிடி உரிமைக்காரர்களுக்கும் நடந்த வழக்கில் பள்ளி ஜெயித்தது. காரணம், பழைய காலத்தில் காட்டு மரங்களை வெட்டி அந்த ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது பயணத்துக்கான பொது உரிமைக்குப் போதுமான சாட்சி என்று பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது. அப்புறம் 2003-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து அந்த ஆராய்ச்சிக்கே வேலையில்லாமல் செய்துவிட்டது. 2005 பிப்ரவரி முதல் பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும், மோட்டார் இல்லாத படகில், பெரும்பாலான உள்நாட்டு நீர்நிலைகளில் போகலாம். கரையைத் தாண்டித் தண்ணீருக்கு வருவதும் அதில் அடக்கம். அதற்காக ஸ்பேயிலும் டேயிலும் சால்மன் தூண்டில் தொழில் படுத்துவிடவில்லை. இங்கிலாந்தில் மட்டும் படுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

தண்ணீருக்கு வருவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆற்றில் பயண உரிமை இருந்தாலும், ஆற்றை அடைய அடுத்தவர் வயலைக் கடக்கும் உரிமை அதோடு வராது. கரையேறிச் சோறு தின்பதும் அப்படித்தான். பொது நடைபாதை ஆறு வரை போகிறதே, அதில் கயாக்கைத் தூக்கிப் போகலாமே என்றால், நடப்பவர் கூடக் கொண்டுபோவது வழக்கமான பொருளாக இருக்க வேண்டும் என்பது பழைய சட்ட வழக்கு. குழந்தை வண்டி சரி. தலையில் மூன்று மீட்டர் கயாக் வழக்கமான பொருளா என்று வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொதுப் படகுத்துறை, பாலத்தடி, லாக் பக்கத்து மிதவை மேடை என்று தேடி இறங்குவதே நிம்மதி.

கரையில் "அத்துமீறினால் வழக்குத் தொடரப்படும்" என்று பலகை பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா மிதந்து போவது பெரும்பாலும் சிவில் விவகாரம். போலீஸ் வந்து விலங்கு மாட்டாது. நிலக்காரர் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கலாம், சேதம் இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் மீன் முட்டையிடும் சரளைக்கல் படுகையை வேண்டுமென்றே கலைப்பது 1975-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். குளிர்காலத்தில் ஆழமில்லாத சரளையில் கயாக்கைத் தரதரவென்று இழுத்துப் போகாதீர்கள். உரிமைச் சண்டை எந்தப் பக்கம் போனாலும் அந்த மீனுக்கு அதில் பங்கில்லை. அதேபோல ஓர் ஆற்றில் நனைந்த கயாக்கைக் கழுவிக் காய வைக்காமல் அடுத்த ஆற்றில் போடக் கூடாது. 2010-இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடித்த கொலைகார இறால் என்னும் வந்தேறி, ஈரத் துணியிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டே ஊர் மாறக்கூடியது.

உரிமை இருக்கிறது என்பதும் இறங்கலாம் என்பதும் ஒன்றல்ல. 2021 அக்டோபரில் வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில், மழை வெள்ளத்தில் பேடில்போர்டில் போனவர்களில் நால்வர் தடுப்பணையில் சிக்கி இறந்தார்கள். தடுப்பணையை மேலிருந்து வரும்போது பார்த்தால் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். கீழே சுழலும் நீர் ஆளை விடாது. தேம்ஸ் லாக்குகளில் சிவப்புப் பலகை தொங்கினால் நீரோட்டம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு வீட்டிலேயே பஜ்ஜி போட்டுச் சாப்பிடுங்கள்.

"அப்போ பொட்டியைத் திருப்பிக் கொடுத்துடவா மாமா?" என்றான் பையன். வேண்டாம் என்றேன். அவன் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான் சவுத்தாம்ப்டன். அங்கே இட்சன் ஆற்றில் உட்மில் வரை கடல் ஓதம் ஏறுகிறது. அதற்குக் கீழே யாரையும் கேட்க வேண்டாம். நியூ ஃபாரஸ்ட் பக்கம் ப்யூலி ஆறும் இருக்கிறது. ஓதம் வருகிற ஆறாக இருந்தும் அதன் படுகை ஒரு பிரபு குடும்பத்து எஸ்டேட்டுக்குச் சொந்தமாயிருக்கும் அபூர்வம் அது. இறங்குமுன் எஸ்டேட்டிடம் கட்டணம் விசாரித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவைக்கு இட்சனே போதும். ஓத அட்டவணை பார்த்து, நீர் முழுக்க ஏறியிருக்கும்போது இறங்க வேண்டும். வற்றினால் ஓரமெல்லாம் முழங்கால் சேறு. நீரோடு கீழே போய்விட்டு, அடுத்த ஏற்றம் தொடங்கும் வரை காத்திருந்தால் ஆறே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

ஆசைப்பட்டுப் பெரிய கப்பல் போகிற பக்கம் மட்டும் போகாதே என்று ரெண்டு தடவை சொன்னேன். 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் துறைமுகத்துக்கு வரும் கப்பல் பாதையின் எச்சரிக்கைப் பகுதியில் வரும்போது, அதற்கு முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் சின்னப் படகுகள் நுழையக் கூடாத இடம். கப்பல் நகர நகர அந்த இடமும் கூடவே நகரும்.

"அதுக்கு மட்டும் பட்டா வேண்டாமா மாமா?" என்றான். லைஃப் ஜாக்கெட் வாங்கியாயிற்றா என்று கேட்டேன். அது பெட்டியில் வரவில்லையாம்.